காவல் நாய்க்குத் தடியோ, தீனியோ?

தர்பூசணிக் கொடிகள் காய்த்துக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் செய்யூர் வட்டாரத்து வரப்புகளில் இரவு நேரத்தில் நடந்து செல்பவர் எவரும், கொல்லைக்குக் கொல்லை நாய்கள் குரைக்கும் ஓசையைக் கேளாமற் போவதில்லை. மல்லாட்டைக் கொல்லையானாலும், சவுக்குத் தோப்பானாலும், உப்பளத்துக் கொட்டகையானாலும், ஆட்டுப்பட்டியானாலும், அங்கே குடியானவனுக்குத் துணையாகக் கண்விழித்திருப்பது நாயே. பசுவுக்குத் தீனி எவ்வளவு, கோழிக்குத் தீனி எவ்வளவு என்று நாம் கணக்குப் பார்க்கிறோம். ஏரைப் பற்றியும் எருவைப் பற்றியும் வியாசங்கள் படிக்கிறோம். காவல் நாயைப் பற்றி மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை. அதற்குக் கூலி மிஞ்சிய சோறு. அதற்குக் கல்வி தடியடி. அந்தக் கூலியில் ஒரு சிறு பங்கையே கல்விக்குக் கருவியாக்கிக் கொண்டால், தடிக்கு வேலையே இராது என்பது என் அபிப்பிராயம்.

இவ்வபிப்பிராயம் எனக்குப் புத்தகத்தினால் உண்டானதன்று. ஒரு நஷ்டத்தினால் உண்டானது. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அருகிலுள்ள எங்கள் கொல்லையில் மணி என்று ஒரு நாட்டு நாய் இருந்தது. இரவில் சிறு சலசலப்பையும் அறிந்து குரைக்கும்; வீட்டாரிடத்தில் சாதுவாயிருக்கும். அதனிடமிருந்த குற்றம் ஒன்றே. ஆடுகளைக் கண்டால் துரத்திக்கொண்டு ஓடிவிடும். அழைத்தால் உடனே திரும்பாது. நெடுநேரம் கழித்து அது திரும்பி வந்தபோதெல்லாம், ஓடியதற்குத் தண்டனை என்று எண்ணிப் புளிய மிளாறினால் அடித்தேன். சில வாரங்கள் சென்றன. அது ஆடு துரத்துவதை விடவில்லை. என் குரலுக்கு வருவதைத்தான் விட்டுவிட்டது. ஒரு நாள் மாலை அது சாலையோரத்தில் நிற்கக் கண்டு கூவியழைத்தேன். என் குரல் கேட்டதும் அது என்னை விட்டு விலகி, வாலை இடுக்கிக்கொண்டு சாலைக்குள் ஓடிற்று. வந்த லாரியை ஓட்டியவர்மேல் குற்றம் சொல்ல இடமில்லை.

பின்னர் ஆற அமர யோசித்தபோது, நான் கற்பித்த பாடத்தை மணி பிழையறக் கற்றிருந்தது என்பது விளங்கிற்று. ஆட்டைத் துரத்தியபோது அதற்கு அடி விழவில்லை. துரத்துவது அதற்கு இன்பமாகவே இருந்தது. திரும்பி என்னிடம் வந்தபோதுதான் அடி விழுந்தது. ஆகவே, எசமான் அழைத்தால் அடி விழும் என்று அது தெரிந்துகொண்டது. ஒரு மணி நேரத்துக்கு முன் செய்ததற்கு இப்போது தண்டனை என்று கணக்கு வைக்க நாயால் ஆகாது. செய்கையோடு ஒட்டி உடனே கிடைப்பது எதுவோ, அதுவே அதற்குப் பாடம்.

இது என் ஊகமன்று. அமெரிக்க தேசத்து எட்வர்ட் தார்ண்டைக் என்னும் மனோதத்துவ அறிஞர் 1898-ம் வருஷத்தில், பூனைகளைப் பெட்டிகளில் அடைத்து, தாழை நீக்கி வெளியே வந்தால் உணவு கிடைக்குமாறு வைத்துப் பரீட்சித்தார். முதலில் தட்டுத்தடுமாறி வெளிவந்த பூனைகள், பலமுறை பழகியபின் விரைவாகத் தாழை நீக்கின. நல்ல பலனைத் தரும் செய்கை நிலைபெறும் என்னும் விதியை அவர் இதிலிருந்து வகுத்தார். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், உணவு வருமுன்பே, அது வருவதற்கு அடையாளமான ஓசையைக் கேட்டவுடன் நாய்களுக்கு வாயூறுவதைக் காட்டினார். பி. எப். ஸ்கின்னர் என்பவர் 1951-ம் வருஷத்தில் எழுதிய ஒரு கட்டுரையில், இவ்விரண்டையும் சேர்த்து, வீட்டில் எவரும் ஒரு சிறு ஓசையையும் சில தீனித் துண்டுகளையும் கொண்டு நாயைப் பழக்கலாம் என்று விளக்கினார். நம் குடியானவருக்கு வேண்டிய சாஸ்திரம் இவ்வளவே.

எத்தீனி, எவ்வளவு

தீனி என்றால் கடையில் டப்பாவில் விற்கும் பண்டம் வேண்டும் என்று எண்ணிச் சிலர் மலைக்கக்கூடும். அது அவசியமில்லை. வேகவைத்த முட்டையில் ஒரு கிள்ளு, உப்பும் காரமுமின்றி வேகவைத்த கோழி ஈரல், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவை போதும். நம் கடற்கரையில் எளிதில் கிடைக்கும் நெத்திலிக் கருவாட்டையும் கொடுக்கலாம். ஆனால் பலமுறை நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பின்னரே கொடுத்தல் வேண்டும். துண்டு ஒரு மல்லாட்டைப் பருப்பின் அளவு இருந்தாற் போதும். நாய்க்கு இன்பம் துண்டின் பருமனில் இல்லை. அது கிடைக்கும் தருணத்தில் இருக்கிறது. நாள் முழுதும் கொடுக்கும் இத்துண்டுகள் அன்றைய உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. அந்த அளவை வழக்கமான சோற்றிலிருந்து குறைத்துக்கொள்க.

கொடுக்கத் தகாதவையும் உண்டு. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக மல்லாட்டை பயிரிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. பூஞ்சணம் பிடித்த கொட்டையையும் பிண்ணாக்கையும் விற்கவொண்ணாதென்று ஒதுக்கி நாய்க்கு எறியும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, காரணம் தேடிச் சென்றவர்கள் பிரேசில் தேசத்திலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் பூஞ்சணத்தால் விளைந்த ஒரு நஞ்சைக் கண்டனர். அப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. நாயோ அதனைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த பிராணி. மனிதர் தின்னத் தகாத கொட்டை நாய்க்கும் தகாது.

பழக்கும் முறை

முதலாவது, நாய்க்குச் சோறு வைக்குமுன், அது பசியோடிருக்கும் வேளையே பாடத்துக்கு உகந்தது. ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம். நாளைக்கு இரண்டு மூன்று வேளை. கோடையில் காலையும் மாலையும் அன்றி வேறு நேரம் ஆகாது. நாய்க்கு நம்மைப் போல் உடலெல்லாம் வியர்ப்பதில்லை; நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது உடலைக் குளிரச் செய்துகொள்கிறது.

இரண்டாவது, வீட்டார் அனைவரும் ஒரு செய்கைக்கு ஒரே சொல்லை ஆளவேண்டும். தந்தை ‘வா’ என்றும், மகன் ‘தோ, தோ’ என்றும், பாட்டி வேறொன்றும் சொன்னால் நாய் எதனைக் கற்கும்? ‘வா’, ‘உட்கார்’, ‘இரு’, ‘விடு’ என்னும் நான்கு சொற்கள் கொல்லைக் காவலுக்குப் போதும்.

மூன்றாவது, நாய் செய்ய வேண்டியதைச் செய்த அந்த க்ஷணத்திலேயே ‘சபாஷ்’ என்று சொல்லித் துண்டைக் கொடுக்கவேண்டும். மடியை அவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் அது எழுந்து நின்றுவிடும். எழுந்ததற்கே வெகுமதி என்று கற்றுக்கொள்ளும். கைக்குத் துண்டு வர ஒரு நொடி தாமதித்தாலும், ‘சபாஷ்’ என்னும் ஓசை தாமதிக்கலாகாது. அவ்வோசையே தீனி வருவதற்கு அடையாளமாக அதன் மனத்தில் பதிந்துவிடும்.

நான்காவது, அழைத்தால் வருதலை முதலில் வீட்டினுள்ளும், பின் முற்றத்திலும், பின் இருபது முழக் கயிறு ஒன்றைக் கட்டிக் கொல்லையிலும், படிப்படியாகப் பழக்குக. வந்தபோதெல்லாம் ஒரு துண்டும் ஒரு தடவலும் கிடைக்கட்டும். என்ன குற்றம் செய்திருந்தாலும், அழைத்து வந்த நாயை அடிக்கலாகாது. இது ஒன்றை மட்டும் நான் அறிந்திருந்தால் மணி இன்று இருந்திருக்கும். பாடம் நன்கு படிந்தபின், துண்டை ஒவ்வொரு முறையும் கொடாமல் இடையிடையே கொடுத்தால் போதும். எப்போது கிடைக்குமோ என்று எதிர்பார்க்கும் நாய் சோர்வின்றிச் செய்யும். புகழ்ச்சி மட்டும் ஒருபோதும் நிற்கலாகாது.

ஆடு துரத்தும் நாயையும் இம்முறையாலேயே திருத்தலாம். கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஆடுகள் நெடுந்தூரத்தில் மேயும் இடத்தில் நிற்க. நாய் ஆட்டை நோக்கிய பின், முகத்தைத் திருப்பி நம்மை நோக்கும் அந்த க்ஷணத்தில் ‘சபாஷ்’ என்று துண்டைக் கொடுக்க. நாளடைவில் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வருக. ஆட்டைக் கண்டால் எசமானை நோக்க வேண்டும் என்பது அதற்கு வழக்கமாகிவிடும். இப்போது எங்கள் கொல்லையிலிருக்கும் நாயை இவ்வாறே பழக்கினோம். பட்டிக்கு அருகில் அதனை அவிழ்த்துவிட எங்களுக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. அவ்விரண்டு மாதத்தில் ஒருமுறையேனும் மிளாறு முறிக்கவில்லை.

விளையாட்டும் வேலையே

பகல் முழுதும் குறுகிய சங்கிலியில் கட்டி வைத்தால் நாய் உக்கிரமாகும் என்று நம்பி அவ்விதம் செய்வோர் பலர். அவ்விதம் கட்டுண்ட நாய் திருடனையும் தபால்காரரையும் பிரித்தறிவதில்லை. எவரைக் கண்டாலும் பாய்கிறது. மேலும், நெடுநேரம் அநியாயமாகக் குறுகிய சங்கிலியில் பிராணியைக் கட்டிவைப்பதும், வழக்கமாகக் கட்டியே வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி அளியாமலிருப்பதும், 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இதை நம்மில் அநேகர் அறியார்.

விளையாட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. ஐந்தாறு கொட்டாங்கச்சிகளைக் களத்தில் கவிழ்த்து, ஒன்றின் கீழ் மட்டும் ஒரு துண்டை மறைத்துத் தேடச் சொல்லலாம். மூக்கினால் வேலை செய்வது நாய்க்குப் பெரும் களிப்பு. வைக்கோற்போருக்குப் பின்னே சிறுவர் ஒளிந்து நின்று ‘வா’ என்று அழைத்து, கண்டுபிடித்து வந்ததும் துண்டு கொடுக்கலாம். ஆட்டமும் பாடமும் ஒன்றாகவே நடக்கும். பழந்துணியை முடிச்சிட்டு இழுத்து விளையாடி, நடுவே ‘விடு’ என்று சொல்லி, விட்டவுடன் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினால், ஆட்டமே வெகுமதியாகிவிடும். தேங்காய் மட்டையை எறிந்து எடுத்து வரச் செய்வோர், அதன் நாரை நாய் விழுங்கிவிடாதபடி பார்த்துக்கொள்க. வயிறு நிறைய உண்ட உடனே ஓடவிடலாகாது.

சிறுவர்க்கும் இரண்டு பாடங்கள் கற்பித்தல் வேண்டும். தீனியை விரல் நுனியில் நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் கொடுத்தல் ஒன்று. தின்றுகொண்டிருக்கும் நாயின் அருகிற் செல்லாதிருத்தல் மற்றொன்று. வழிப்போக்கர்மேல் ‘ச்சூ’ என்று ஏவிவிட்டுச் சிரிக்கும் வழக்கத்தையும் பெரியோர் கண்டித்து நிறுத்துவாராக.

சில ஆட்சேபங்கள்

தீனி காட்டிப் பழக்கிய நாய், திருடன் ஓர் இறைச்சித் துண்டை வீசினால் அவன் பின்னே போய்விடாதோ என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், பழக்காத நாயும் பசி வந்தால் அத்துண்டைத் தின்னத்தான் போகிறது. பழகிய நாய்க்கோ, தரையிற் கிடக்கும் தீனியை ‘விடு’ என்றால் விடவும், சொல்லுக்குப் பின்னரே வாய் வைக்கவும் கற்பிக்க வழியுண்டு. தரையில் ஒரு துண்டை வைத்துக் கையால் மூடி, நாய் முயற்சியை விட்டு நம் முகத்தை நோக்கியதும், வேறொரு துண்டைக் கையிலிருந்து கொடுத்து வந்தால் இது படியும். எசமானர் இல்லாதபோதும் முற்றிலும் காக்கும் என்று உறுதி கூறேன். ஆனால் நஞ்சு கலந்த தீனியால் நாய் மடியும் அபாயம் இதனால் ஓரளவு குறையும். நாய்க்கு வேளாவேளைக்கு வயிறு நிறையச் சோறிடுதலும் இவ்வபாயத்துக்கு ஒரு மருந்தே.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர் மற்றுஞ் சிலர். குட்டிப்பருவம் சிறந்தது என்பது மெய்யே. பிறந்த மூன்றாவது வாரம் முதல் சுமார் பதினான்காவது வாரம் வரையில் குட்டி எதனைக் கண்டு பழகுகிறதோ, அதற்குப் பின்னாளில் அஞ்சாது. மனிதர், ஆடு, கோழி, மோட்டார் ஓசை யாவும் அப்போதே பழக்கமாதல் நலம். எட்டு வாரத்துக்கு முன் தாயினின்று பிரித்தலும் தகாது. ஆயினும் வளர்ந்த நாயும் கற்கும். பொறுமை சற்றே மிகுதியாக வேண்டும். எங்கள் நாய் எங்களிடம் வந்தபோது அதற்கு வயது நான்குக்குக் குறையாது.

உயர்ந்த ஜாதி நாய்க்கே இது பலிக்கும் என்பதும் தவறு. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய நம் நாட்டு இனங்கள் கீர்த்தி பெற்றவை. இராஜபாளையம் நாயின் உருவத்தை 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா தபால்தலையாகவும் வெளியிட்டது. ஆனால் தெருவில் பிறந்த பெயரற்ற நாயும் அதே விதிப்படிதான் கற்கிறது.

ஊருக்கும் இதனால் நன்மை

இதுவரை கூறியது ஒரு வீட்டு லாபம். ஊர் லாபம் இதனினும் பெரிது. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தல் அரிதினும் அரிது. தடுப்பூசி ஒன்றே காப்பு. குட்டிக்கு மூன்று மாதமானதும் முதல் ஊசியும், பின் மருத்துவர் சொல்லும் கெடுவில் மறு ஊசியும், அதன்மேல் வருஷந்தோறும் ஒன்றும் போடவேண்டும். ஆயின், பிடிக்க வந்தால் கடிக்கும் நாயைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவது எங்ஙனம்? ‘முயன்றோம், பிடிபடவில்லை’ என்று விட்டுவிடுகின்றனர். காதையும் வாயையும் காலையும் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கொடுத்துப் பழக்கிய நாய், ஊசி போடும்போதும் அசையாது நிற்கும். நாய் கடித்துவிட்டாலோ, புண்ணைப் பதினைந்து நிமிஷம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக் காலங் கடத்துவது உயிருக்கு ஆபத்து.

நம் கடற்கரைக்கென்றே மற்றொரு கடமையுமுண்டு. பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மாதங்களில் இம்மணலில் ஏறி, ஒரு குழிக்குச் சுமார் நூறு முட்டைகள் இடுகின்றன. அவை பொரிக்க ஏறக்குறைய ஐம்பது நாட்கள் ஆகின்றன. அதற்குள் குழிகளைத் தோண்டித் தின்பவற்றுள் நாய்கள் முதன்மையானவை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் இவ்வாமைகளை, கடலோரக் கிராமத்தார் இரவில் தம் நாய்களை வீட்டண்டை நிறுத்திக்கொள்வதாலேயே பெரிதும் காப்பாற்றலாம். அழைத்தால் வரும் நாயைத்தான் அவ்வாறு நிறுத்திக்கொள்ள இயலும்.

பைரவரை வணங்கும்போது அவருக்கு வாகனமாக நிற்கும் நாயையும் நாம் கைகூப்புகிறோம். வீடு திரும்பியதும் வாசலில் நிற்கும் நாயை மிளாறெடுத்து விரட்டுகிறோம். அதற்குப் பூஜை வேண்டியதில்லை, நியாயம் வேண்டும். நம் கொல்லையை விடிய விடியக் காக்கும் ஜீவனுக்கு, நாம் விரும்புவது இன்னதென்று விளங்கும்படி சொல்லும் கடமை நம்முடையது.

ஆகவே இவ்வியாசத்தைப் படிக்கும் விவசாய நண்பர்கள், நாளைக் காலையிலேயே ஒரு முட்டையை அவித்துப் பத்துத் துண்டாகக் கிள்ளி எடுத்துக்கொண்டு, தம் நாயைப் பத்துமுறை பெயர் சொல்லி அழைத்து, வந்தபோதெல்லாம் ‘சபாஷ்’ என்று ஒரு துண்டு கொடுத்துப் பார்ப்பாராக. ஒரு மாதம் இடைவிடாது இவ்வாறு செய்தபின், மிளாறு வேண்டுமா வேண்டாவா என்பதைத் தம் அனுபவத்தைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.